துணை விலங்கை ஆட்ட மேசையில் வைத்துச் சமாளிப்பது எப்படி

பகடை உருட்டிப் பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டில், துணை விலங்கோடு வரும் கேரக்டருக்கு மூன்று விதமாகத்தான் கெட்ட பெயர் வரும். ஒன்று, விலங்கு இருப்பதே எல்லோருக்கும் மறந்துபோகும், சண்டை முடிந்து புதையலைப் பங்கு போடும்போது "ஆமா, ஓநாய் எங்க நிக்குது?" என்று யாராவது கேட்பார்கள். இரண்டு, அந்த ஒருவருடைய டர்ன் மட்டும் நாலு நிமிடம் இழுக்கும்; மற்றவர்கள் போனை எடுத்துவிடுவார்கள். மூன்று, இரண்டாவது குகையிலேயே விலங்கு செத்துப்போகும். மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். சண்டைக்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டியதை, டர்ன் வந்த பிறகு உட்கார்ந்து யோசிக்கிறார்கள்.

கீழே வரும் எண்கள் பெரும்பாலும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014, 2020 நூல்களைச் சேர்ந்தவை; 2024 நூல்களில் சில மாறியிருக்கின்றன. அதே வகை விளையாட்டான பாத்ஃபைண்டர் வேறுபடும் இடங்களில் அதைத் தனியாகச் சொல்லியிருக்கிறது. வேறு விளையாட்டு ஆடுபவர்கள் எண்களை விட்டுவிட்டு முறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் விலங்கு எந்த வகை?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல்தான் பாதிச் சண்டை விதிப்புத்தகத்தின் மேல் நடக்கிறது. கேரக்டரின் வகுப்பு (ரேஞ்சர், ட்ரூயிட் மாதிரி) தரும் திறனாகக் கிடைக்கும் துணை விலங்கு வேறு, மந்திரத்தால் வரவழைக்கும் ஃபெமிலியர் வேறு, ஏறிப் போகும் குதிரை வேறு, சந்தையில் காசு கொடுத்து வாங்கிய நாய் வேறு. முதல் வகை மட்டுமே நீங்கள் சொன்னபடி தாக்கும் என்று விதி உறுதி தருகிறது, அதுவும் ஆக்ஷன் (ஒரு டர்னில் கிடைக்கும் செயல்) செலவழித்தால்தான். ஃபெமிலியர் சொன்னதைக் கேட்கும், ஆனால் தாக்காது. ஓட்டுபவர் கட்டுப்பாட்டில் இருக்கும் குதிரை டேஷ் (கூடுதல் ஓட்டம்), டிஸ்எங்கேஜ் (அடி வாங்காமல் விலகல்), டாட்ஜ் (தற்காப்பு) என்ற மூன்றைத் தவிர வேறெதுவும் செய்யாது. 25 பொன்னுக்கு வாங்கிய மாஸ்டிஃப் நாய் ஆட்டத்தை நடத்தும் ஜிஎம் கையில் இருக்கும் ஒரு துணைப் பாத்திரம்; அது உங்களை நேசிக்கலாம், உங்கள் ஆக்ஷன் கணக்குக்குள் வராது.

துணை விலங்கிலும் பதிப்பு பார்க்க வேண்டும். 2014 விதிப்புத்தகத்தின் பீஸ்ட் மாஸ்டர் ரேஞ்சர் (விலங்கோடு திரியும் வேட்டைக்கார வகுப்பு) மூன்றாம் லெவலில் ஓர் உண்மையான மிருகத்தைத் தேர்ந்தெடுப்பார்: அளவு மீடியத்துக்கு மேல் போகக்கூடாது, சேலஞ்ச் ரேட்டிங் (எதிரியாக வந்தால் அதன் பலத்தின் அளவு) கால் அல்லது அதற்குக் கீழே. ஓநாய், காட்டுப்பன்றி, சிறுத்தை, பெரிய விஷப்பாம்பு எல்லாம் கிடைக்கும். கரடி கிடைக்காது, கருங்கரடிக்கே ரேட்டிங் அரை. அந்த மிருகத்தின் ஏசி (அடி படுவதற்கு எதிரி தொட வேண்டிய எண்), தாக்குதல், சேதம் ஆகியவற்றோடு உங்கள் ப்ரொஃபிஷியன்ஸி போனஸ் (லெவலோடு உயரும் தேர்ச்சி எண்) சேரும். ஹெச்பி (உயிர்ப்புள்ளி) அதன் இயல்பான அளவு அல்லது ரேஞ்சர் லெவலைப்போல் நான்கு மடங்கு, எது அதிகமோ அது.

2020-இல் வந்த துணைநூல் இதை மாற்றியது. நிலம், கடல், வானம் என்று மூன்று அச்சுகள்; கரடியோ கழுதைப்புலியோ, தோற்றம் உங்கள் விருப்பம். நில விலங்குக்கு ஹெச்பி 5 கூட்டல் ரேஞ்சர் லெவலின் ஐந்து மடங்கு, ஏசி 13 கூட்டல் ப்ரொஃபிஷியன்ஸி போனஸ். 2024 விதிப்புத்தகமும் இந்த மூன்று அச்சு முறையையே எடுத்துக்கொண்டது. சில எண்களில் மட்டும் ரேஞ்சரின் விஸ்டம் மாடிஃபையர் (விவேகத்துக்கான கூட்டல் எண்) நுழைந்திருக்கிறது. மேசையில் ஒருவர் 2014-ஐயும் இன்னொருவர் 2020-ஐயும் மனதில் வைத்துப் பேசினால் விவாதம் முடியவே முடியாது. எது என்று முதல் நாளே கேட்டு, கேரக்டர் ஷீட்டின் மேல் ஓரத்தில் ஆண்டை எழுதிவையுங்கள்.

எது நல்லது என்றால், தேர்வு இருக்கும்வரை 2020 அல்லது 2024. காரணம் ஒரு ஃபயர்பாலில் (தீப்பந்து மந்திரத்தில்) தெரிந்துவிடும். ஐந்தாம் லெவல் ரேஞ்சரின் 2014 ஓநாய்க்கு ஹெச்பி 20, டெக்ஸ்டெரிட்டி சேவ் (சுறுசுறுப்பால் தப்பிக்கும் பகடைச் சோதனை) வெறும் +2. ஃபயர்பாலின் சேதம் 8டி6, அதாவது ஆறு முகப் பகடை எட்டு, சராசரி 28. இலக்கு எண் 15 என்றால் ஓநாய் இருபது முகப் பகடையில் 13 போட்டாக வேண்டும். பத்தில் ஆறு முறை தவறும், தவறினால் கதை முடிந்தது. அதே லெவலில் 2020 நில விலங்குக்கு ஹெச்பி 30, சேவ் +5. தவறினாலும் சராசரியில் இரண்டு ஹெச்பியோடு மூச்சு விடும். இரண்டு ஹெச்பிதான், ஆனால் உயிர் உயிர்தானே.

ஆக்ஷன் யாருடையது

விலங்கு இலவசமாக ஒன்றும் செய்யாது. அதற்கு நீங்கள் எதைக் கொடுக்கிறீர்கள் என்பதுதான் மொத்த விஷயம்.

2014 முறையில் தாக்கச் சொல்ல உங்கள் முழு ஆக்ஷன் போகும். மூன்றாம் நான்காம் லெவலில் ஓநாய் கடித்தால் நீங்கள் வில்லை இழுக்க முடியாது. ஐந்தாம் லெவலில் ஒரே ஆக்ஷனில் இரண்டு தாக்குதல் தரும் எக்ஸ்ட்ரா அட்டாக் வந்தபிறகு, ஓநாயை ஏவிவிட்டு நீங்களும் ஒருமுறை அடிக்கலாம். நகரச் சொல்ல மட்டும் எந்தச் செலவும் இல்லை. 2020 முறையில் ஏவுவது போனஸ் ஆக்ஷன் (டர்னுக்கு ஒன்றே ஒன்றான கூடுதல் சிறு செயல்), அல்லது உங்கள் தாக்குதல்களில் ஒன்றை விட்டுக்கொடுத்தும் தாக்கச் சொல்லலாம். கட்டளை கொடுக்காவிட்டால் அது டாட்ஜ் செய்தபடி நிற்கும். இந்த டாட்ஜைப் பலர் மறந்துவிட்டு, "இந்தச் சுற்று அது சும்மா நிற்கட்டும்" என்கிறார்கள். அது சும்மா நிற்கவில்லை. அதை அடிக்கும் ஒவ்வொருவருக்கும் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு பகடை போட்டுக் குறைந்ததை எடுப்பது) இருக்கிறது. ஜிஎம்முக்கு நினைவூட்டுவது உங்கள் வேலை.

பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் கணக்கு தெளிவு. உங்கள் மூன்று ஆக்ஷனில் ஒன்றைக் கொடுத்தால் விலங்குக்கு இரண்டு ஆக்ஷன். அடுத்தடுத்த தாக்குதலுக்கான கழிவு விலங்குக்குத் தனி, உங்களுக்குத் தனி. அதனால் நீங்கள் மூன்றாவது முறை −10-இல் வாளை வீசுவதைவிட அந்த ஆக்ஷனை விலங்குக்குக் கொடுப்பது எப்போதும் லாபம். ஆனால் அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டால் அந்தக் கழிவு இருவருக்கும் பொது. விலங்குக்கு ரியாக்ஷன் (அடுத்தவர் டர்னில் செய்யும் பதில் செயல்) கிடையாது. ஐந்தாம் பதிப்பில் இருந்து வருபவர்கள் இங்கேதான் தடுக்கி விழுவார்கள், ஏனென்றால் அங்கே விலங்கு தன் எல்லையைவிட்டு ஓடுபவனைக் கட்டளை இல்லாமலே ஒரு கடி கடிக்கும். விலங்கு முதிர்ச்சி பெற்றபின், அதாவது ட்ரூயிட் நான்காம் லெவலிலும் ரேஞ்சர் ஆறாம் லெவலிலும் அந்தத் திறனை எடுத்தபின், கட்டளை இல்லாத சுற்றிலும் அது ஒரு ஆக்ஷனில் நடக்கவோ அடிக்கவோ செய்யும். அதுவரை கட்டளை இல்லையென்றால் தன்னைக் காத்துக்கொள்வதைத் தவிர எதுவும் செய்யாது.

ஆயுதத்துக்கு ஏற்ற விலங்கு

அழகாக இருக்கிறது என்று விலங்கைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதுவும் நீங்களும் ஒருவர் காலை ஒருவர் வாரிவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. வில்லாளியும் ஓநாயும் அதற்கு நல்ல உதாரணம். ஓநாய் கடித்தால் எதிரி 11 இலக்குக்கு ஸ்ட்ரெங்த் சேவ் போட வேண்டும், தவறினால் தரையில். தரையில் கிடப்பவனை ஐந்தடிக்குள் நின்று அடித்தால் அட்வான்டேஜ் (இரண்டு பகடையில் அதிகமானது). தூரத்திலிருந்து எய்தால் டிஸ்அட்வான்டேஜ். ஓநாய் தன் வேலையை ஒழுங்காகச் செய்யச் செய்ய உங்கள் அம்பு குறி தவறிக்கொண்டே போகும். போதாததற்கு, உங்களுக்கும் எதிரிக்கும் நேர்கோட்டில் ஓநாய் நின்றால் எதிரிக்கு அரைமறைப்பு, ஏசியில் +2.

கைகலப்பில் நிற்கும் ரேஞ்சருக்கும், பக்கத்தில் ஃபைட்டரோ பலாடினோ மாதிரி கைகலப்பு வீரர் இருக்கும் பார்ட்டிக்கும் (குழுவுக்கும்) ஓநாய் பொன். வில்லாளிக்கு வானத்து அச்சு பொருத்தம்: 60 அடி பறக்கும், அடித்துவிட்டு விலகும்போது எதிரியின் ரியாக்ஷன் தாக்குதல் அதன்மேல் விழாது, உங்கள் அம்பின் வழியிலும் நிற்காது. 2014 முறையில் அந்த இடத்துக்குப் பறக்கும் பாம்பு. கடி பார்க்கச் சின்னது, ஒரு புள்ளிதான், ஆனால் கூடவே 3டி4 விஷம். எலும்புக்கூடு, ஸோம்பி மாதிரி விஷம் ஏறாத ஆசாமிகள் நிறைந்த ஆட்டம் என்றால் மட்டும் வேண்டாம். கல்லறையில் அது வெறும் அலங்காரம்.

கடல் அச்சு பிடித்து நிறுத்துவதற்கு. தரையில் அதன் வேகம் 5 அடி. கப்பல், ஆறு, வெள்ளம் நிறைந்த கதை என்று ஜிஎம் முன்பே சொல்லாவிட்டால் தொட வேண்டாம். அதிர்ஷ்டவசமாக 2020 முறையில் ஒவ்வொரு நீண்ட ஓய்வுக்குப் பிறகும் அச்சை மாற்றிக்கொள்ளலாம், ஆகவே இது கல்யாண முடிவு இல்லை.

கவசம் பற்றி ஒரு கணக்கு. விலங்குக்கான கவசம் மனிதக் கவசத்தின் விலையில் நான்கு மடங்கு, எடையில் இரண்டு மடங்கு. ஓநாயின் இயற்கை ஏசி 13. தோல் கவசம் 40 பொன் கொடுத்து மாட்டினால் 11 கூட்டல் டெக்ஸ்டெரிட்டி 2, அதே 13, காசு தண்டம். குமிழ் பதித்த தோல் 180 பொன், ஏசி 14. ஒரே ஒரு புள்ளிக்கு 180 பொன், 26 பவுண்டு எடை. அணிந்து பழக்கமில்லாத விலங்குக்குக் கழிவு உண்டா என்று ஜிஎம்மைக் கேட்ட பிறகே காசை எண்ணிக் கொடுங்கள்.

அட்டையும் நிலையான கட்டளையும்

உள்ளங்கை அளவு அட்டை ஒன்று போதும். முன்பக்கம் ஏசி, ஹெச்பி, வேகம், தாக்குதலுக்குச் சேர்க்க வேண்டிய எண், சேதப் பகடை, ஆறு சேவ்களும், பாசிவ் பெர்செப்ஷன் (பகடை போடாமலே கவனிக்கும் திறனின் எண்). ஹெச்பியைப் பென்சிலால் எழுதுங்கள். லெவல் ஏறும்போது பழைய எண்ணோடு ஓடுவது துணை விலங்குக்கு வரும் வழக்கமான வியாதி; உங்கள் ப்ரொஃபிஷியன்ஸி போனஸ் 5, 9, 13, 17 ஆகிய லெவல்களில் உயரும்போது விலங்கின் பாதி எண்களும் உயரும். கேரக்டர் ஷீட்டைத் திருத்தும் கையோடு அட்டையையும் திருத்துங்கள்.

பின்பக்கம்தான் முக்கியம். அங்கே நான்கு நிலையான கட்டளைகளை எழுதி, ஆட்டம் தொடங்கும்போது ஜிஎம்மிடம் காட்டிவிடுங்கள்:

1. நடக்கும்போது: எனக்குப் பின்னால் ஐந்தடியில். கதவு திறக்கும்போது சுவரோரம்.
2. சண்டை மூண்டதும், நான் எதுவும் சொல்லாவிட்டால்: பக்கத்தில் உள்ள நம் மந்திரவாதியோடு ஒட்டி நின்று டாட்ஜ்.
3. ஹெச்பி, எதிரியின் ஒரு சராசரி அடிக்குக் கீழே போனால்: பின்வாங்கு.
4. நான் மயங்கி விழுந்தால்: என் உடலைக் காவல் செய், துரத்திப் போகாதே.

நான்காவதை எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அனுபவம் தேவையில்லை. எஜமான் விழுந்தவுடன் விலங்கு என்ன செய்யும் என்று மேசையில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். கடைசியில் அது மூன்று எதிரிகளுக்கு நடுவே போய் நிற்கும். 2014 விதியே ரேஞ்சர் செயலிழந்தால் விலங்கு தானாக இயங்கி, உங்களையும் தன்னையும் காக்கப் பார்க்கும் என்கிறது. எழுதி வைத்தால் அந்த வரிக்கு உருவம் கிடைக்கும், அவ்வளவுதான்.

பகடையிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். விலங்குக்கு வேறு நிறப் பகடை. தாக்குதல் பகடையையும் சேதப் பகடையையும் ஒன்றாகப் போடுங்கள். உங்களுடையதும் அதனுடையதும் ஒரே இலக்கு என்றால் நான்கையும் ஒரே வீச்சில். "வில் 19, சேதம் 9, கரடி 14, சேதம் 10" என்று ஒரே மூச்சில் சொன்னால் இரண்டு பேருடைய டர்ன் ஒருவருடைய நேரத்தில் முடியும்.

ஒரு டர்ன், மெதுவாக

ஐந்தாம் லெவல் ரேஞ்சர், விஸ்டம் 16, கையில் வில். 2020 முறை நில விலங்கு, கரடி உருவம். ஏசி 16, ஹெச்பி 30. எதிரே ஓகர் என்ற அரக்கன் ஒன்று, 35 அடி தள்ளி. ஏசி 11, ஹெச்பி 59. பக்கத்தில் வாளோடு ஃபைட்டர், அவர் டர்ன் உங்களுக்கு அடுத்து.

முதல் சுற்றில் மோதுவது ஹன்டர்ஸ் மார்க் மந்திரமும் கரடிக்கான கட்டளையும். இரண்டுமே போனஸ் ஆக்ஷன். ஒன்றைச் செய்தால் மற்றது இல்லை என்று பலர் நினைத்து, கரடியை அந்தச் சுற்று நிறுத்திவிடுகிறார்கள். வழி இருக்கிறது. போனஸ் ஆக்ஷனில் ஹன்டர்ஸ் மார்க். அட்டாக் ஆக்ஷனில் உங்களுக்கு இரண்டு அம்பு. ஒன்றை எய்யுங்கள், இன்னொன்றை விட்டுக்கொடுத்துக் கரடியை ஏவுங்கள்.

வரிசை முக்கியம். முதலில் அம்பு, பிறகு கரடி. கரடி உங்கள் டர்னுக்குள்ளேயே இயங்குவதால் எது முன் எது பின் என்பது உங்கள் கையில். மாற்றிச் செய்தால் தரையில் கிடக்கும் ஓகர் மீது டிஸ்அட்வான்டேஜில் எய்வீர்கள்.

கரடி நேர்கோட்டில் குறைந்தது 20 அடி ஓடி அடித்தால்தான் பாய்ச்சலின் பலன். ஆகவே போன சுற்றில் அதை எதிரியோடு ஒட்டி நிறுத்தியிருந்தால் இந்தச் சுற்றில் பாய்ச்சல் கிடையாது. விலகி ஓடி மறுபடி பாய்ந்தால் ஓகரின் ரியாக்ஷன் அடி விழும். பாய்ச்சலை முதல் சுற்றுக்கும், புது எதிரி நுழையும் சுற்றுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். தாக்குதல் +6, ஏசி 11, அதாவது 5 விழுந்தால் பட்டது. பத்தில் எட்டு முறை படும். சேதம் 1டி8 கூட்டல் 5, பாய்ச்சலுக்கு மேலும் 1டி6, சராசரி 13. ஓகர் 14 இலக்குக்கு ஸ்ட்ரெங்த் சேவ் போடும். அதற்கு +4 இருப்பதால் விழும் வாய்ப்பு நூற்றுக்கு 45. இரண்டையும் பெருக்கினால் விழுத்தாட்டும் வாய்ப்பு நூற்றுக்கு 36. அதிகம் இல்லை; விழுந்தால் ஃபைட்டர் இரண்டு அடியையும் அட்வான்டேஜில் அடிப்பார், ஓகர் எழுந்திருக்கத் தன் 40 அடி வேகத்தில் பாதியை இழக்கும்.

இப்போது ஓகரின் முறை. அதன் கதாயுதம் +6, சேதம் சராசரி 13. கரடியின் 30 ஹெச்பி இரண்டு அடியைத் தாங்கும், மூன்றாவதைத் தாங்காது. அட்டையின் மூன்றாவது கட்டளை இங்கேதான் வேலை செய்கிறது: ஹெச்பி 13-க்குக் கீழே வந்தவுடன் அடுத்த டர்னில் போனஸ் ஆக்ஷன் கொடுத்து டிஸ்எங்கேஜ், 40 அடி பின்னால். "இன்னும் ஒரு கடி கடிச்சிட்டு வரட்டுமே" என்று ஆசைப்படும் சுற்றில்தான் விலங்குகள் சாகின்றன.

சாகாமல் பார்த்துக்கொள்வது

விலங்கை நேரடியாகக் கொல்லும் எதிரிகள் குறைவு. பரப்பில் விழும் மந்திரங்களும், உங்கள் மறதியுமே கொல்கின்றன. விலங்கு உங்களோடும் இன்னொருவரோடும் ஒட்டி நின்றால் ஒரே ஃபயர்பாலில் மூவரும் வேகும். ஆகவே எதிரி அணியில் மந்திரவாதி தெரிந்த சுற்றிலேயே விலங்கைக் குறைந்தது 45 அடி பிரித்து நிறுத்துங்கள்.

மந்திரங்களில் விலைக்குத் தகுந்த பலன் தருவது எய்ட். இரண்டாம் லெவல் ஸ்லாட் (ஒரு மந்திரம் போடும் வாய்ப்பு), மூன்று பேர், எட்டு மணி நேரத்துக்கு அதிகபட்ச ஹெச்பியில் +5. மூன்று பேரில் ஒருவராக விலங்கைச் சேர்க்கச் சொல்லி க்ளெரிக்கைக் (பூசாரி வகுப்பு வீரரை) காலையிலேயே கேட்டு வையுங்கள், சண்டையில் கேட்டால் கிடைக்காது. ஹெச்பி தரும் குட்பெர்ரி மந்திரப் பழத்தைத் தின்பது 2014 விதியில் தின்பவரின் ஆக்ஷன், ஆகவே சண்டைக்கு வெளியே மட்டும். குறுகிய ஓய்வில் 2020 விலங்குக்கு உங்கள் ரேஞ்சர் லெவல் எண்ணிக்கையில் டி8 ஹிட் டைஸ் (ஓய்வில் ஹெச்பி மீட்கும் பகடைகள்) உண்டு. இதைப் பயன்படுத்தாமலே ஆண்டுக்கணக்கில் ஆடுபவர்கள் இருக்கிறார்கள்.

2020 முறையில் விலங்கு செத்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு ஆக்ஷனில் தொட்டு, முதல் லெவல் அல்லது அதற்கு மேற்பட்ட ஸ்லாட் ஒன்றைச் செலவழித்தால், ஒரு நிமிடம் கழித்து முழு ஹெச்பியோடு எழும். ஐந்தாம் லெவல் ரேஞ்சருக்கு இருப்பது நான்கு முதல் லெவல் ஸ்லாட், இரண்டு இரண்டாம் லெவல் ஸ்லாட். அன்றைய நாள் முடியும்வரை ஒன்றைத் தொடாமல் வைத்திருங்கள். உடலை எதிரி இழுத்துக்கொண்டு போனால், எரிமலைக் குழம்பில் விழுந்தால், தொட முடியாது. அதனால் பள்ளத்தின் ஓரத்தில் விலங்கை நிறுத்தாதீர்கள்.

2014 முறையில் மீட்பு இல்லை. பகையில்லாத இன்னொரு மிருகத்தோடு எட்டு மணி நேரம் செலவிட்டுப் புதிதாகப் பிணைத்துக்கொள்ள வேண்டும். பாலைவனத்தின் நடுவிலோ பாதாளத்திலோ ஓநாய் எங்கே கிடைக்கும் என்பது ஜிஎம்மின் கருணை. பூஜ்யம் தொட்ட விலங்குக்கு டெத் சேவ் (சாகாமல் தப்பும் சோதனை) உண்டா என்பதையும் அந்த முறையில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சாதாரண மிருகங்கள் பூஜ்யத்தில் நேரே சாகும் என்று பல ஜிஎம்கள் எடுத்துக்கொள்வார்கள், மாற்றிக்கொள்ளும் உரிமை விதியிலேயே அவர்களுக்கு இருக்கிறது. பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் செத்த துணைக்குப் பதில் ஒரு வார ஓய்வுக் காலத்தில் செலவில்லாமல் இன்னொன்று வரும்.

சண்டைக்கு வெளியே

ஏணி, கயிறு, கூரையின் விளிம்பு. இவை மூன்றும்தான் ஓநாயின் உண்மையான எதிரிகள். 50 அடிக் கயிறும், மார்பைச் சுற்றிக் கட்டும் தோல்வாரும் உங்கள் மூட்டையில் இருக்கட்டும். 2020 நில விலங்குக்கு 40 அடி ஏறும் வேகம் இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

மந்திரப் பயணத்தில் விலங்கும் ஒரு தலை. டைமன்ஷன் டோர் மந்திரம் போடுபவரோடு ஒரே ஒருவரைத்தான் கூட்டிப்போகும். அது கரடி என்றால் க்ளெரிக் பின்னால் நிற்பார். வாட்டர் ப்ரீதிங் பத்துப் பேருக்கு, அங்கே இடமிருக்கும். மிஸ்டி ஸ்டெப்பில் நீங்கள் மட்டும்.

இரவுக் காவலுக்கு ஓநாயை மிஞ்ச ஆளில்லை. அதன் இயல்பான பாசிவ் பெர்செப்ஷன் 13. கேட்பதிலும் மோப்பத்திலும் அட்வான்டேஜ் உள்ளதால் அவற்றுக்கு 5 சேர்ந்து 18. முதல் சில லெவல்களில் பார்ட்டியில் வேறு யாருக்கும் பெரும்பாலும் இந்த எண் இருக்காது. "ஓநாய் காவலில் இருக்கிறது, 18" என்று முகாம் போடும்போதே ஜிஎம்மிடம் சொல்லுங்கள். பதுங்கிப் போகும்போது விலங்குக்கும் பகடை உண்டு. எல்லோரும் போட்டுப் பாதிப்பேர் ஜெயித்தால் போதும் என்ற குழுச் சோதனையாக நடத்தும்படி கேட்டுக்கொண்டால் ஒரு கரடிக்காக மொத்த பார்ட்டியும் மாட்டாது.

தீனிக் கணக்கு வைக்கும் ஆட்டம் என்றால்: மீடியம் அளவு விலங்குக்கு நாளுக்கு ஒரு பவுண்டு உணவு, ஒரு கேலன் தண்ணீர், லார்ஜ் அளவுக்கு இரண்டும் நான்கு மடங்கு. கணக்கு வைக்காத ஆட்டத்தில் இதைக் கிளப்பாதீர்கள்.

பழைய பதிப்பு ஆடுபவர்களுக்கு

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மூன்றரைப் பதிப்பிலும் பாத்ஃபைண்டர் முதல் பதிப்பிலும் விலங்கு தனக்குக் கற்றுக்கொடுத்த வித்தையை மட்டும் செய்யும். இன்டெலிஜென்ஸ் 1 என்றால் மூன்று வித்தை, 2 என்றால் ஆறு. தெரிந்த வித்தையைச் செய்யவைக்க இலக்கு 10, தெரியாததைச் செய்யத் தள்ள 25, விலங்கு காயப்பட்டிருந்தால் இரண்டோடும் 2 கூட்டு. பாத்ஃபைண்டரின் முதல் லெவல் ட்ரூயிட்டுக்கு ஒரு ரேங்க், வகுப்புத் திறனுக்கு 3, துணைப் பிணைப்புக்கு 4, ஆக +8 கையில் இருக்கும். கரிஸ்மா கழிவு இல்லாவிட்டால் காயப்பட்ட விலங்கையும் 4 விழுந்தால் பணியவைக்கலாம்.

எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. "தாக்கு" வித்தையை ஒருமுறை கற்ற விலங்கு மனிதர், மனித உருவ அரக்கர், ராட்சதர், மிருகங்கள் ஆகியோரை மட்டுமே தாக்கும். பிணங்கள் எழுந்து வந்தால் வாலைச் சுருட்டிக்கொண்டு நிற்கும். எதையும் தாக்க வேண்டுமானால் அதே வித்தையை இரண்டாவது முறையும் கற்றுத்தர வேண்டும், ஆறு இடத்தில் இரண்டு போகும். மீதிக்கு வா, காவல், பின்தொடர், மோப்பம். நடனம் வேண்டாம்.

ஃபெமிலியர் வைத்திருப்பவர்களுக்கு

ஆந்தை. வேறு எதையும் யோசிக்க வேண்டாம். பறக்கும் வேகம் 60 அடி, இருட்டில் 120 அடி பார்வை, எதிரியை விட்டு விலகும்போது அடி விழாது. தாக்க முடியாவிட்டாலும் ஹெல்ப் ஆக்ஷன் செய்யும்: எதிரியின் முகத்துக்கு நேரே சிறகடித்துவிட்டுப் பறந்துபோகும், அடுத்து அடிக்கும் தோழருக்கு அட்வான்டேஜ். ரோக் (திருடன் வகுப்பு) பார்ட்டியில் இருந்தால் ஸ்னீக் அட்டாக்குக்கு (அவருடைய கூடுதல் சேதத்துக்கு) அது போதும். ஆந்தைக்கு இனிஷியேட்டிவ் (டர்ன் வரிசையில் இடம்) தனி. ரோகுக்கு முன்னால் இன்னொருவர் அதே எதிரியை அடித்தால் அட்வான்டேஜ் அவருக்குப் போய்விடும், வரிசையைப் பார்த்து ஏவுங்கள்.

ஹெச்பி ஒன்று. அது செத்தால் திரும்ப வரவழைக்க 10 பொன் மதிப்புள்ள கரி, தூபம், மூலிகை, அவற்றை எரிக்கப் பித்தளைத் தணல் சட்டி, ஒரு மணி நேரம்; ரிச்சுவலாக (சடங்காக) செய்தால் இன்னும் பத்து நிமிடம், ஆனால் ஸ்லாட் மிச்சம். மூன்று தரத்துக்கான பொருள் எப்போதும் பையில் இருக்கட்டும். உளவு அனுப்பும்போது 100 அடிக்குள்தான் அதன் கண்ணால் பார்க்க முடியும், 2014 விதியில் பார்க்கும் நேரத்தில் உங்கள் சொந்தக் கண்ணும் காதும் வேலை செய்யாது. பக்கத்தில் ஒருவர் காவல் நிற்காமல் இதைச் செய்வது, சாலை நடுவில் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்காருவதற்குச் சமம்.

ஜிஎம் இருக்கையில் இருப்பவருக்கு

வகுப்பின் திறனாக வந்த விலங்கை எதிரிகளின் பலத்தைக் கூட்டுவதற்கான காரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது அந்த வீரரின் பலத்தில் ஒரு பங்கு, ஏற்கனவே கணக்கில் இருக்கிறது. கூட்டிக் கணக்கிட வேண்டியது காசுக்கு வாங்கிய கூட்டத்தை. 200 பொன்னுக்கு எட்டு மாஸ்டிஃப் வாங்கலாம், விதி தடுக்காது. எட்டு நாய்க்கும் நகர்த்தல், தாக்குதல், சேவ் என்று போனால் மேசை தூங்கிவிடும். சண்டையில் ஒரு வீரருக்கு ஒரு விலங்கு, மற்றவை முகாமில் என்று முதல் நாளே வரம்பு போடுங்கள். வாங்கிய விலங்கு சண்டையில் சொன்னதைக் கேட்க அனிமல் ஹேண்ட்லிங் சோதனை: பழகியதற்கு 10, தீயும் மந்திரமும் வெடிக்கும் இடத்தில் 15 என்று வைத்தால் சரியாக இருக்கும்.

எதிரிகள் விலங்கை அடிக்கலாமா? அடிக்கலாம், காரணம் இருந்தால். பசித்த ஆந்தைக்கரடி பக்கத்தில் இருப்பதைக் கடிக்கும். கூலிக்கொலையாளி எஜமானைத் தேடிப் போவான். எல்லா எதிரியும் முதல் அடியை விலங்கின்மேலேயே வைத்தால் அந்த வீரர் இரண்டு ஆட்டத்தில் விலங்கை முகாமிலேயே கட்டிவைத்துவிடுவார், பிறகு அந்தத் திறன் ஷீட்டில் வெறும் மைதான். விலங்கின் பகடையை வீரரே போடட்டும். அது பயந்து நடுங்குவதையும், ஒரு கதவின்முன் நின்று உறுமுவதையும் நீங்கள் சொல்லுங்கள். உறுமினால் கதவுக்குப் பின்னால் ஏதாவது இருக்கட்டும்.